பெயர் மறைத்த பாட்டு

எங்கள் அச்சகத்தில் செத்தவர்களுக்குப் பெயர் கிடையாது. தேமா, புளிமா, கூவிளம், கருவிளங்காய் என்றுதான் அவர்களைச் சொல்லுவோம். "கருவிளங்காய்க்கு வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள், இன்னும் அட்டை அடிக்கேல்லையோ?" என்று என் கணவர் மிசினுக்குப் பின்னால் நின்று கத்துவார். கல்யாண அட்டைக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஏதோ மரக்கறி வாங்குவதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்தவர்களும் உண்டு.

இந்தப் பழக்கத்தை எங்களில் ஒட்டவைத்துவிட்டுப் போனவர் ஓர் அக்கா. அவருடைய பெயரை எழுதமாட்டேன். பெயரை மறைத்தால்தான் ஓசை கேட்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் பெயர் சொல்லி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் முதன்முதலில் எங்கள் படியேறி வந்தது சண்டைக்கு. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மாரிகாலம். கனடாவில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் அப்போதுதான் அச்சகத்தைத் திறந்திருந்தோம். கல்யாண அட்டை, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு அட்டை, கல்வெட்டு, எது வந்தாலும் அடிப்போம். கல்வெட்டு என்றதும் கல்லையும் உளியையும் நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் ஒரு நினைவுப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். படம் இருக்கும், தேவாரம் இருக்கும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாட்டுகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் திதி வெண்பா. எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதியில் உயிர் போனது என்பதை நாலு அடியில் கட்டிவைத்துவிடுவது. வருடாவருடம் திவசத்துக்கு நாள் பார்க்கிறவர்களுக்கு அதுதான் சாட்சி.

அக்கா பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து, நாங்கள் அடித்த ஒரு கல்வெட்டை மேசையில் போட்டார். பக்கமெல்லாம் சிவப்புப் பென்சில்.

"இதை அடிச்சது நீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"இந்த மனுசன் ஒருக்கா ஆஸ்பத்திரியிலை செத்தவர். ரெண்டாந்தரம் உங்கட புத்தகத்திலை செத்திருக்கிறார்."

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வந்தது சிரிப்பு. கதிரையை இழுத்துப் போட்டு, எங்கே பிழை என்று கேட்டேன். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், நாலைந்து வருடம் எங்களோடு இருந்தார். பகலில் ஒரு தையல் தொழிற்சாலையில் குளிர் ஜாக்கெட்டுகளுக்கு சிப் வைத்துத் தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நான் அந்தக் கிழமை வந்த பாட்டுகளை ஓர் உறையில் போட்டுக்கொண்டு வில்லரேயில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போவேன். அவர் திருத்தித் தருவார். இவ்வளவு யாப்பை எங்கே படித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் படிப்பிச்சதுதான். நீங்கள் நித்திரை கொண்டீங்கள்" என்றார்.

வெண்பாவின் சட்டம் கடுமையானது. ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த சீர் தொடங்கலாம். அந்தத் தொடுப்புக்குத் தளை என்று பெயர். அது பிசகினால் தளை தட்டுகிறது என்பார்கள். அக்காவுக்கு அது காதில் தட்டாது, உடம்பில் தட்டும். பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மெட்ரோவில் போகும்போதும் விரல் ஓடும். தொழிற்சாலை மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, இந்த மனிசி வேலை முடிய எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று எண்ணுகிறது என்று முறையிட்டாராம். எண்ணியது ஜாக்கெட்டின் உள்பக்கத் துண்டில் அச்சடித்திருந்த தோய்க்கும் விதிகளை. "பிரெஞ்சிலை எழுதியிருக்கிறாங்கள், ஆனா நல்ல ஓசை" என்று எனக்குச் சொன்னார்.

அவருக்குச் சில விதிகள் இருந்தன. முதலாவது, பாட்டை முதலில் ஓசைக்காக வாசிக்கவேண்டும், பொருளைப் பிறகு பார்க்கலாம். இரண்டாவது, பெயர் மறைத்துத் தரவேண்டும். செத்தவரின் பெயர் வருகிற இடத்தை நான் வெள்ளை மையால் அழித்துவிட்டுக் கொண்டுபோவேன். சீருக்குள் அந்தப் பெயர் எப்படி உட்காரும் என்பதற்காக அதன் அளவை மட்டும் கேட்பார். தேமா, புளிமா எல்லாம் அந்த அளவுகளுக்கு இலக்கணக்காரர்கள் வைத்த அடையாளச் சொற்கள்தான்.

"பேர் தேமாவோ, புளிமாவோ?"

"கூவிளம் அக்கா."

"காணும். அதுக்கு மேலை சொல்லாதையும். பேர் தெரிஞ்சால் முகம் வரும். முகம் வந்தால் கண் கலங்கும். கண் கலங்கினால் தளை தெரியாது பிள்ளை."

மொன்றியலில் இருக்கிற எங்கள் சனம் ஒரு கைப்பிடிதான். யார் செத்தாலும் அவருக்குத் தெரிந்த யாராகவோ இருக்கும். ஆனாலும் அந்த விதியை அவர் விடவில்லை. கல்வெட்டு அடித்து முடிந்த பிறகு, அச்சு மை காயாத முதல் பிரதியைக் கையில் வாங்கி, அட்டையில் இருக்கிற பெயரைப் பார்த்துவிட்டு, அப்போதுதான் அழுவார். பாட்டைத் திருத்தி இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிற அழுகை அது. முதல் தடவை கண்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

நெஞ்சில்லாதவர் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அதற்குக் காரணமும் இருந்தது. ஒருமுறை மலர்ச்சாலையில் ஒருவருடைய மகன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தகப்பனைப் பற்றித் தான் எழுதிய பாட்டை வாசித்தான். மண்டபம் முழுக்க அழுதது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்காவின் விரல் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று, மூன்று வரிசைக்குக் கேட்கிற குரலில், "மூண்டாம் அடியிலை ஒரு சீர் கூடிப்போச்சு" என்றார். முன்னால் இருந்த ஒரு மனிசி திரும்பி முறைத்த முறைப்பில் நான் கதிரைக்குக் கீழே போய்விட்டேன்.

ஆனால் வரிசையில் நின்று துக்கம் சொல்லப் போனபோது அவர் அந்த மகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, 'என்றென்றும்' எண்டதை எடுத்துப்போட்டு ஒருக்கா வாசிச்சுப் பாரும். தளை தட்டினால் போறவைக்குக் கால் தடக்கும். அப்பா தடக்காமல் போகட்டும்" என்றார். மூன்றாம் நாள் கல்வெட்டுக்கென்று அவன் எங்களுக்குக் கொண்டுவந்த பாட்டில் 'என்றென்றும்' இல்லை.

திருப்பிச் சொல்வதைப் பற்றியும் அவரிடம் ஒரு கறார் இருந்தது. கணவனை இழந்த ஒருவர் எழுதித் தந்த பாட்டில் எட்டு 'ஐயோ' இருந்தது. அக்கா ஐந்தை வெட்டிவிட்டார். நான் தயங்கினேன். அந்த மனிசி எப்படி எடுத்துக்கொள்ளுமோ?

"எட்டும் ஒரே ஐயோதானே பிள்ளை. ஒரு சொல்லுத் திரும்பி வந்தால் முதல் வந்ததைவிடப் பாரமாய் வரவேணும். இல்லாட்டி அது காத்துக்குக் கதவு அடிக்கிற சத்தம்."

மிஞ்சிய மூன்றையும் இடம் மாற்றி வைத்தார். அந்தப் பெண் அச்சகத்தில் நின்று வாசித்துவிட்டு, எங்கள் கடதாசிக் கட்டு ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டு ஐயோவுக்கு வராத அழுகை மூன்றுக்கு வந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் இருக்கிறேன். அக்காவின் கணவர் காணாமல் போனவர். தொண்ணூறுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில், காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனார். சோதனைச் சாவடியில் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து அதே வில்லரே வீடுதான். இரும்புப் படி வெளியில் வளைந்து ஏறுகிற இரண்டாம் மாடி. காணாமல் போனவர்களைத் தேடும் எல்லா அலுவலகங்களுக்கும் அந்த முகவரியைத்தான் எழுதியிருந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. போன் அடித்தால் மட்டும் எடுக்கமாட்டார். அடிக்கிற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நிற்பார், மகள்தான் ஓடிவந்து எடுப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. விளங்கும்தானே.

ஒருமுறை அச்சகத்துக்கு வந்த ஒருவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள், அவரிடமே கேட்டுவிட்டார்: "ஊரெல்லாத்துக்கும் எழுதுறீங்கள். உங்கட அவருக்கு எழுதினனீங்களோ?"

என் கணவர் மிசினை நிறுத்திவிட்டார். அக்கா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "திதி தெரியாமல் வெண்பா எப்பிடி எழுதுறது?" என்றார். ஏதோ யாப்பில் ஒரு சிக்கல் போல, அவ்வளவு சாதாரணமாக.

அந்த வீட்டில் சிரிப்பும் இருந்தது. மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, குசினி மேசையில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் விரலில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு வீட்டுவேலை: ஒரு பிரெஞ்சுப் பாட்டின் ஓசையையும் எதுகையையும் பிரித்து எழுதவேண்டும். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அசை (எங்கள் நேர், நிரை அல்ல, உயிரொலிக்கு ஒன்று), ஆறு முடிந்ததும் நடுவில் ஒரு மூச்சு, அடியின் கடைசியில் ஒலி ஒத்துவரவேண்டும். அக்கா கதை கேட்கிற பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உவங்களும் விரலிலைதான் எண்ணுறாங்களோ?"

"வேறை எதிலை அம்மா எண்ணுறது?"

"ஏன் கடைசியிலை கொண்டுபோய் ஒட்டுறாங்கள்? எங்களுக்கு அடியின்ர தொடக்கத்திலை, ரெண்டாம் எழுத்திலையெல்லே எதுகை."

"அது உங்கட பாட்டு. இது இவையின்ர பாட்டு."

அக்கா விரலை மடக்கிப் பார்த்தார். "சரி. நாங்கள் தலையிலை கட்டுறம், அவங்கள் வாலிலை கட்டுறாங்கள். மாடு ஒண்டுதான்" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழிலும் பிரெஞ்சிலும் மாறி மாறி எதையோ எண்ணி அந்தப் பின்னேரத்தை வீணாக்கினோம். நான் கொண்டுபோன உறையை அன்றைக்கு யாரும் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளை படித்து முடித்து ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டாள். அந்த டிசம்பரில் அக்கா இரும்புப் படியில் ஐஸில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பெருவிரல் வரைக்கும் மாவுக்கட்டு. இடது கையால் எண்ணப் பழகினார்.

மாசி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மகள் தனியே அச்சகத்துக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, மடித்த கடதாசி ஒன்றைத் தந்தாள்.

"அன்ரி, அப்பாவுக்குக் கல்வெட்டு அடிக்கவேணும்."

கடதாசியைப் பிரித்தேன்.

"லொங்குய்யிலை லிப்ட் இருக்கிற வீடு பாத்திருக்கிறன். அம்மா வரமாட்டாவாம். கடிதமெல்லாத்திலையும் இந்த அட்ரசைத்தானே எழுதினவவாம், அப்பா தேடிவந்தால் எங்கை வாறதாம் எண்டு கேக்கிறா. அடுத்த வருசமும் அந்தப் படியிலை விழுவா. ஐயரிட்டைக் கேட்டனான். நாள் தெரியாட்டி ஆடி அமாவாசையிலை எல்லாம் செய்யலாமாம். நீங்கள் புத்தகமாய் அடிச்சுத் தாங்கோ. அம்மா எல்லாற்றை சாவையும் உங்கட புத்தகத்தைப் பாத்துத்தானே நம்புறவ."

அழவில்லை. அழுகிற பிள்ளையாக இருந்தால் நான் கட்டிப்பிடித்துச் சமாளித்திருப்பேன்.

"பாட்டு நான்தான் எழுதினன். பிழை இருக்கும், ஆரையும் கொண்டு திருத்துங்கோ. அம்மாட்டை மட்டும் காட்டாதேங்கோ." காட்டமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி வருவது என்னுடைய பிழை. அதற்கு யாரையும் பங்குக்கு இழுக்கமாட்டேன். அந்தப் பாட்டில் எதுகை இல்லை, மோனை இல்லை, எந்தப் பாவிலும் அது அடங்கவில்லை. மொன்றியலில் அதைத் திருத்த அக்காவை விட்டால் ஆள் கிடையாது. அப்படியே அச்சேற்றலாம் என்றால், நாலைந்து வருடம் அக்காவோடு பழகி என் காதும் கெட்டுப்போயிருந்தது. ஒரு பிள்ளை தகப்பனுக்கு எழுதிய ஒரே பாட்டு, அது தளை தட்டிப் போகலாமா? அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்டித்தனமான யோசனை வந்தது. பெயரை மறைத்துவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாப் புலம்பலிலும் ஓர் அம்மா இருக்கிறா, ஓர் அப்பா இருக்கிறார். தலைப்பில் இருந்த பெயரை வெள்ளை மையால் அழித்தேன். வேறு இரண்டு பாட்டுகளுக்குக் கீழே வைத்து உறைக்குள் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், குளிரும் கடுமை. அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். முதல் இரண்டு பாட்டையும் இடது கையால் கோணல்மாணலாகத் திருத்தி முடித்தார். மூன்றாவதை எடுத்தார்.

"பேர் என்ன வாய்பாடு?"

நான் அதைப் பார்த்துக்கொண்டு வரவில்லை. "தேமாவாக்கும் அக்கா" என்றேன்.

வழக்கம்போலப் பொருளை விட்டுவிட்டு ஓசைக்காக வாசிக்கத் தொடங்கினார். மளிகைச் சாமான் துண்டு வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

பனி கொட்டும் நாளில் கையில் உறை இல்லை
பள்ளி வாசலிலே அப்பா வரவில்லை
போன் அடித்தபோது அம்மா தொடவில்லை
கதவைத் திறந்தால் அப்பா வரவில்லை
நான் வளர்ந்து விட்டேன் நாட்கள் எண்ணவில்லை
அம்மா அழ வேண்டாம் அப்பா வரவில்லை

"எதுகை இல்லை" என்றார். "மோனை ஒண்டு ரெண்டு தானாய் விழுந்திருக்கு. அடியின்ர கடைசியிலை மட்டும் எல்லாம் ஒட்டுது." முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் முதலடிக்குப் போனார். இடது கைப் பெருவிரல் கணுக்களில் ஏறியது. ஆறில் ஒருமுறை நின்றது. பன்னிரண்டில் முடிந்தது. இரண்டாம் அடியை எண்ணினார். ஆறு. பன்னிரண்டு. மூன்றாம் அடி. ஆறில் நின்ற விரல் அதற்கு மேலே போகவில்லை.

அவருக்கு அப்போதும் பொருள் தெரிந்திருக்காது. அதை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும். அவர் சொற்களைப் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டுதான் இருந்தார். மகளை அவர் கண்டுபிடித்தது அந்தப் பிரெஞ்சு எண்ணிக்கையில்.

கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தேமா இல்லைப் பிள்ளை" என்றார். "கூவிளங்காய்." தன் கணவரின் பெயருக்கு உரிய அளவைச் சொன்னார்.

கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அக்கா, நான் வந்து…"

"பொறும். நான் இன்னும் பொருள் பாக்கேல்லை."

பென்சில் நுனியை முதல் 'வரவில்லை'யின் கீழே வைத்தார்.

"மூண்டுதரம் வருது. முதல் வாறதிலை கோவம். அண்டைக்கு எனக்கு பக்டரியிலை ஓவர்டைம், பிந்தித்தான் போனன். வாசலிலை தனிய நிண்டவள். என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்."

பென்சில் இரண்டு அடி கீழே இறங்கியது.

"ரெண்டாவதிலை பயம். போனை நான்தான் அவளைக்கொண்டு எடுப்பிச்சனான். எனக்குப் பயம் எண்டு ஒன்பது வயசுப் பிள்ளையை அனுப்பினன். ஒவ்வொருக்காலும் அவள் என்ன நினைச்சுக்கொண்டு போய் எடுத்தாளோ?"

மூன்றாவதில் பென்சில் கனநேரம் நின்றது. கீழே தெருவில் யாரோ காரின் மேல் ஐஸைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"இதிலை கோவமும் இல்லை, பயமும் இல்லை."

"என்ன இருக்கு அக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"இதிலை அவர் இல்லைப் பிள்ளை."

அழவில்லை. கடதாசியை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். ஒரு பென்சில் கோடுகூட அதில் இல்லை. மகள் என்ன திதி சொன்னாள் என்று கேட்டார். ஆடி அமாவாசை என்றேன்.

"அது ஊரெல்லாற்றை நாள். இவருக்கெண்டு ஒரு நாள் வேணும். வெண்பா நான் எழுதித் தாறன்."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "படியிலை கவனம், ஐஸ்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். அந்த மகளுக்குக் கொடுத்த வாக்கையும் கெடுத்து, இந்த மனிசியின் பத்துப் பன்னிரண்டு வருடத்தையும் ஒரு பின்னேரத்தில் உடைத்துவிட்டு வந்திருந்தேன். என் கணவரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அச்சகத்துக்கு வந்தார். வேலைநாளில் அவர் வந்ததே இல்லை. குங்குமம் இல்லை. கழுத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஜாக்கெட்டை அவர் கழற்றவுமில்லை. பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார். இடது கை எழுத்து, ஆனாலும் நிதானமாக எழுதியிருந்தார்.

மாசித் திருத்திங்கள் மன்னுவளர் பக்கத்தில்
ஆசறு மேகா தசிநாளில் — நேசர்
வருவாரென் றெண்ணி வழிபார்த்த வீட்டில்
ஒருபாட்டில் மாண்டார் உணர்

நானும் விரல் விட்டு எண்ணினேன். ஓரிடத்திலும் தளை தட்டவில்லை.

"அவற்றை பேர் வரேல்லையே அக்கா."

"பேரை வைச்சு எழுதக் கை வரேல்லை. நீர் சொன்ன தேமாவிலை 'நேசர்' எண்டு ஒரு சொல்லுப் போட்டிருக்கிறன். ஆண்டை மேலை தலைப்பிலை போடும். அவளிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். லொங்குய்ய் வீட்டுக்குச் சாமான் கட்டச் சொல்லியிருக்கிறன்."

"அவள் என்ன சொன்னவள்?"

"ரெண்டு பேரும் ஒண்டாய்ப் படுத்தம், சின்னனிலை மாதிரி."

திதி வெண்பா வந்தால் நாளைச் சரிபார்த்துத்தான் அச்சுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கீழ்க்கடைக்காரர் தந்த தமிழ்க் கலண்டர் சுவரில் தொங்கியது. அக்காவின் கணவரை மறித்த அந்தப் பழைய வருடத்தில் மாசி ஏகாதசி என்றைக்கு வந்தது என்று இதில் எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டேதான் எழுந்துபோனேன். மாசி, வளர்பிறை, ஏகாதசி. விரல் வந்து நின்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினேன்.

"அக்கா, இது போன ஞாயிற்றுக்கிழமையெல்லே?"

"ஓம்."

"அவரைக் கொண்டுபோனது…"

"கொண்டுபோன நாள் எனக்குத் தெரியும் பிள்ளை. அண்டைக்கு அவர் சாகேல்லை." ஜாக்கெட் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்தார். "போன ஞாயிறு பின்னேரம் வரைக்கும் அவர் உயிரோடைதான் இருந்தவர். நீர் வந்து கதவைத் தட்டினபோதும் இருந்தவர்."